புகை வராத புகையடுப்பு

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடிநாயக்கனூரின் பாதி ஆண்கள் கறிக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். லிங்கேஸ்வரன் மட்டும் தன் வீட்டு நடுக்கூடத்தில் நின்றார். ஒரு மாதம் முழுக்கக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தின்ற மனிதர் வேறு என்ன செய்திருந்தாலும் மன்னித்துவிடலாம். அவர் சிந்தித்துவிட்டார்.

"ரேணுகா, இனிமே இந்த வீட்டுல கறி கொழம்புல வேகாது. புகையிலதான் வேகும்."

அவர் மனைவி ரேணுகா அடுப்படியில் மிக்சியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏங்க, கேஸ் தீந்துருச்சா?"

"கேஸ் இல்ல. பார்பிக்யூ. ஒரு இரும்பு டிரம் எடுத்து, கதவு வச்சு, உள்ள முழு ஆட்டுத்தொடையத் தொங்கவிட்டு, அடியில கட்டையப் பத்தவச்சு மூடிட்டோம்னா அஞ்சு மணி நேரத்துல புகையிலயே வெந்துரும். ஸ்மோக்கர்னு பேரு. நானே செய்யப்போறேன்."

"அஞ்சு மணி நேரம் வரைக்கும் சாப்பாடு?"

"பசிச்சுக் கெடந்து தின்னாத்தான் அதுல ருசி."

"சரி, செய்ங்க," என்று சொல்லிவிட்டு மிக்சியைத் திரும்பப் போட்டாள்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ரேணுகா எதற்கும் முதல் தடவையிலேயே சரி சொன்னது கிடையாது. அந்த இடத்தில் லிங்கேஸ்வரன் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் பெரிய காரியத்தில் இறங்கியவர்கள் இப்படிச் சின்ன விஷயங்களையெல்லாம் கவனிப்பதில்லை.

லிங்கேஸ்வரன் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஊரில் பாதி வீட்டுக்கு அவர் செய்த கேட்தான். அவர் வீட்டு கேட்டுக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு பழைய வயரைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. மலைக்கு மேலே போடிமெட்டு வரைக்கும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் பைப்பு ஓட்டையானால் அவரைத்தான் ஜீப்பு அனுப்பிக் கூப்பிடுவார்கள். பறித்து வந்த பச்சைக்காயைத் தட்டுத்தட்டாகப் பரப்பி, அடுப்பு அனலைப் பைப்பில் விட்டு உலர்த்துவது அங்கே தொழில். அனல் மட்டும்தான் காய்க்குப் படவேண்டும். பைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்து ஒரு மூச்சு புகை கசிந்தாலும் நிறம் போச்சு, வாசம் போச்சு. ஸ்டோர்காரர் வெல்டரின் ஏழு தலைமுறையையும் எழுப்பி விசாரிப்பார். லிங்கேஸ்வரன் வைத்த பைப்பில் இதுவரைக்கும் யாரும் அப்படி விசாரிக்க நேர்ந்ததில்லை.

இவ்வளவு கைத்தொழில் தெரிந்த மனிதருக்குத் திடீரென்று ஏன் புகை மேல் ஆசை வந்தது என்று கேட்டால், சகலை பிரபாகரனால் வந்தது. ரேணுகாவின் தங்கை கார்த்திகாவின் வீட்டுக்காரர். கோயமுத்தூரில் வீடு கட்டிக் குடிபோனபோது மொட்டைமாடியில் சக்கரம் வைத்த ஒரு கறுப்பு மிசினை நிறுத்தி, அதிலிருந்து ஆட்டுத்தொடையை எடுத்து அறுத்து அறுத்து எல்லோர் தட்டிலும் வைத்தார். "அண்ணே, நல்லாச் சாப்பிடுங்க. இதெல்லாம் உங்க போடியில கெடைக்காது," என்றும் சொன்னார். அதைக்கூட லிங்கேஸ்வரன் பொறுத்துக்கொண்டார். ரேணுகா தட்டை நீட்டி, "தம்பி, இன்னொரு துண்டு வைங்க," என்று கேட்டாள் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீடு வந்து சேரும்வரை பஸ்சில் செல்லில் பார்பிக்யூ வீடியோவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரேணுகாவுக்கும் ஒரு ஆசை இருந்தது. குரங்கணிக்கு மேலே அவள் அப்பா கொடுத்த ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். காய் பறிக்கும் ஒவ்வொரு எடுப்புக்கும் ஒரு மூடை, ரெண்டு மூடை காய் வரும். பெரிய ஸ்டோர்களில் பெரிய தோட்டத்துக் காய் முடிந்த பிறகுதான் இவள் காய் தட்டில் ஏறும். அதுவரை சாக்குக்குள் கிடந்து வெந்து மஞ்சள் பூத்துவிடும். "வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒன்னு செஞ்சு குடுங்க," என்று ஆறு வருடமாகக் கேட்கிறாள். ஊருக்கெல்லாம் பைப்பு வைக்கிறவர் "பாக்கலாம்" என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கும் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"டிரம்முதான் வாங்குறீங்க. அப்படியே எனக்கும் காய் ஒலத்துறதுக்கு ஒன்னு..."

"இந்தா பாரு. எம்புட்டுப் பெரிய சோலியில எறங்கியிருக்கேன். நடுவுல ஏலக்காயக் கொண்டாந்து நுழைக்காத."

 ரேணுகா மிக்சியிலிருந்து மசாலாவை வழித்து எடுத்தாள்.

லிங்கேஸ்வரன் அப்போதே செல்லை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு விருந்துக்கு வரவேண்டும் என்று சகலையிடம் சொல்லிவிட்டார். சொன்ன சூட்டில் மனைவி பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு சகலை முன்னாடி இதுல கறி வேகலைன்னா, இந்த டிரம்ம நீயே எடுத்துக்க."

"நான் எடுத்து என்னங்க செய்ய?"

"என்னமும் செஞ்சுக்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன். வெல்டிங் மிசின் மேல சத்தியம்."

"சரிங்க," என்றாள் ரேணுகா. அது ரெண்டாவது சரி.

டிரம் தேடப் போனவர் சாயங்காலமே ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் பூச்சிமருந்து வந்த டிரம், சும்மாவே கொடுத்தார்களாம். அதைப் பார்த்ததும் ரேணுகா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"இதுல என்னங்க இருந்துச்சு?"

"இருந்தது தீந்துபோச்சு. காலி டிரம்முதான்."

"இதுல வச்ச கறியத் தின்னா நாமளும் காலிதான். வெரசா கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

மறுநாள் எண்ணெய்க்கடையிலிருந்து வேறு டிரம் வந்தது. உள்ளே வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, பெயின்டை உரித்து, தேய்த்துக் கழுவினார். டிரம்மை நட்டமாக நிறுத்தி, பக்கவாட்டில் கதவு வெட்டினார். கீல், கொண்டி, கைப்பிடி எல்லாம் வைத்தார். கை சும்மா இருக்குமா? கேட் செய்து பழகிய தோஷத்தில் கதவின் நடுவில் தோகை விரித்த மயில் ஒன்றையும் கம்பியில் வளைத்து ஒட்டிவிட்டார். ஒரு வாரம் பட்டறை வேலை அத்தனையும் நின்றது. மூன்று வீட்டுக்காரர்கள் கேட் இல்லாமல் மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஞாயிறு. வீடியோவில் சொன்ன மரங்களின் பெயர் எதையும் போடியில் எவனும் கேள்விப்பட்டதில்லை. வாசனையுள்ள மரமாக இருக்கவேண்டும் என்பது மட்டும் லிங்கேஸ்வரனுக்குப் புரிந்தது. இந்த மலையிலேயே அதிக வாசனையுள்ள மரம் எது என்று யோசித்தார். தைலமரக்கட்டை ஒரு கட்டு வாங்கி வந்தார். அடியில் தீ, மேலே முழுத்தொடை, கதவில் மயில். ஐந்து மணி நேரம் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எதிரே போகிறவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே எடுத்தபோது தொடையின் மேல்பக்கம் கரி. உள்பக்கம் ஆடு நேற்று மேய்ந்த மாதிரியே இருந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெந்திருந்த கறியை அறுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு அடைப்பு விட்டது.

ரேணுகாவும் ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. சளிக்கு."

"கட்ட சரியில்ல. அடுத்த வாரம் பாரு."

"அதுவும் சரிதான். எதுக்கும் இருக்கட்டும்னு அரைக்கிலோ கொழம்பு வச்சிருக்கேன். ஒரு வாய் சாப்பிடுறீங்களா?"

கொள்கை உள்ள மனிதர் என்பதால் முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒரு வாய் என்று உட்கார்ந்தார். நான்காவது தடவை சோறு போடும்போது ரேணுகா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அடியிலயே தீ இருந்தா கருகத்தானே செய்யும். தீயப் பக்கத்துல தனியா ஒரு பொட்டியில வச்சா..."

"உனக்குத் தெரியாத விஷயத்துல பேசாத," என்றார் லிங்கேஸ்வரன். செவ்வாய்க்கிழமை ஒரு வீடியோவில் வெள்ளைக்காரன் ஒருவன் தீ எரியும் அடுப்புப்பெட்டியைப் பக்கத்தில் தனியாக வைத்திருப்பதைப் பார்த்தார். உடனே மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா? தீ தனியா இருக்கணும். நான் அன்னைக்கே நெனச்சேன்."

"உங்களுக்குத் தோணாததா," என்றாள் அவள்.

அடுப்புப்பெட்டி டிரம்முக்குப் பக்கத்துக்கு வந்தது. ரேணுகாவுக்கு வேலை முடியவில்லை. முழுத்தொடை வேகாது, விரல் விரலாக அரிந்து போட்டால்தான் உள்ளே சூடு ஏறும் என்றாள். அரிந்து போட்டால் தொங்கவிட முடியாதே என்று அவரே சொன்னார். அப்படியென்றால் தட்டுதான் வேண்டும், அடுக்கடுக்காக எட்டுத் தட்டு வைத்தால் எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் ஆகும் என்று அவரே கண்டுபிடித்தார். கம்பிவலையை ரேணுகாவே கடையில் பார்த்து வாங்கி வந்தாள். ஒரு பயறு கூடக் கீழே நழுவாத சின்னக் கண் வலை. ஆட்டுக்கறிக்கு எதற்கு இத்தனை சின்னக் கண் என்று லிங்கேஸ்வரன் கேட்கவில்லை. பெண்டாட்டி தன் வேலையில் அக்கறை காட்டுகிறாளே என்று அவருக்கு மனம் நிறைந்துபோயிருந்தது.

"அப்படியே இன்னொரு செட்டுத் தட்டும் செஞ்சிருங்க. கறித்தட்டுலயே மீனையும் வச்சா கவுச்சி அடிக்கும்."

"அட, ஆமா," என்று இன்னொரு எட்டுத் தட்டு செய்தார்.

ரெண்டாவது ஞாயிறு. இந்தத் தடவை காப்பிக்கட்டை. ஐப்பசி மழையில் நனைந்து ஊறிய கட்டை. பற்றவைத்தால் தீ வரவில்லை, புகை வந்தது. எப்பேர்ப்பட்ட புகை என்றால், கடைசி வீட்டு அம்மாள் நகராட்சி கொசுமருந்து அடிக்க வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, கதவு சன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டுக் குழந்தைகளோடு வெளியே வந்து நின்றார். லிங்கேஸ்வரன் வீட்டுப் பக்கம் போகும் கோழிகள் கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயின.

கறி வெந்திருந்தது. ஆனால் அடுப்புக்கரியைத் தொட்ட மாதிரி எடுத்த கையெல்லாம் கறுப்பு. வாயில் வைத்தால் வேப்பங்கொட்டை. அவர் அதைத் துப்புவதா விழுங்குவதா என்று முடிவு செய்வதற்குள் பக்கத்து வீட்டு அழகுமலை இருமிக்கொண்டே வந்துவிட்டார். எஸ்டேட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிற மனிதர். முறைக்கு மாமா.

"மாப்ளே, நான் உசுரோட இருக்கணுமா வேணாமா? ஒரு வார்த்தையில சொல்லிரு."

"மாமா, கட்ட கொஞ்சம் ஈரமாப் போச்சு."

"போன வாரம் தைலம். ஜீப்புல ஏறுன பொம்பளையாளுக பூராம், அண்ணே உங்களுக்கு ஒடம்புக்கு என்ன செய்யுதுன்னு கேக்குறாளுக. இந்த வாரம் இது. அடுத்த வாரம் என் வீட்டுப் பக்கம் ஒரு பொட்டுப் புகை வந்துச்சு, நகராட்சிக்கு மனு எழுதிக் குடுத்துருவேன், ஆமா. சொந்தம்னுல்லாம் பாக்கமாட்டேன்."

அவர் போனதும் லிங்கேஸ்வரனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. சகலை வருகிற அன்றைக்கு வாசலில் நகராட்சி ஆள் நின்றால் அதைவிட அவமானம் வேறு இல்லை. கறி வேகாவிட்டால்கூட ஒரு காரணம் சொல்லலாம். பிரபாகரன் முகத்தில் வரப்போகும் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தார். ரேணுகா எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்த குழம்பைக்கூட அன்று மூன்று தடவைதான் வாங்கிச் சாப்பிட்டார்.

"விட்டுருங்க," என்றாள் ரேணுகா. "புகைய ஒரு பைப்பு வச்சு மேல கொண்டுபோகணும். அது ரொம்பக் கஷ்டமான வேலை. உங்களால எங்க?"

"எது கஷ்டம்?"

"பைப்பு வைக்கிறதுதான். எங்கிட்டாவது கசியும். சில்லமரத்துப்பட்டியில ஒருத்தரு பைப்பு வேலை சுத்தமாப் பாக்குறாராம். அவரை வேணா கேட்டுப் பாக்கட்டா?"

லிங்கேஸ்வரன் கை கழுவிவிட்டு நேரே பட்டறைக்குப் போனார்.

அந்த வாரம் அவர் செய்த வேலையைப் பற்றி மட்டும் யாரும் கேலி பேச முடியாது. அடுப்புப்பெட்டியிலிருந்து ஒரு பைப்பை எடுத்து, டிரம்முக்குள் அடியிலிருந்து ரெண்டு சுற்றுச் சுற்றி, மேல்பக்கமாக வெளியே விட்டு, கூரைக்கு மேலே நான்கு அடி உயர்த்தினார். ஒவ்வொரு இணைப்பையும் ரெண்டு தடவை வெல்டு அடித்தார். இருபது வருடப் பழக்கம், கை அதுபாட்டுக்கு ஓடியது. பைப்புக்குள் புகை, பைப்புக்கு வெளியே அனல், இந்தப் புகைக்கும் அந்தத் தட்டுக்கும் ஜென்மத்துக்கும் சம்பந்தம் கிடையாது. வேலை முடிந்ததும் பச்சை இலையைத் தீயில் போட்டு, டிரம்முக்குள் வெள்ளைத்துண்டை விரித்து ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். எடுத்த துண்டு போட்ட மாதிரியே வெள்ளையாக இருந்தது. அழகுமலை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே சுத்தமான காற்று வீசிக்கொண்டிருந்தது.

"ரேணுகா, வந்து பாரு. ஒரு பொட்டுப் புகை உள்ள வருதான்னு பாரு."

ரேணுகா குனிந்து பார்த்தாள். துண்டை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். "வரலைங்க."

"கசிவு?"

"ஒன்னுங்கூட இல்ல. உங்க கைய யாரால அடிச்சுக்க முடியும்?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் கார்த்திகா கல்யாணத்தன்று பார்த்ததுதான்.

புகையில் கறி வேகவைக்கும் அடுப்பிலிருந்து புகையை முழுசாக வெளியேற்றிய முதல் மனிதர் என்கிற பெருமையோடு லிங்கேஸ்வரன் அன்று மார்பை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கப் போனார். டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். நாலு பேரும் ஆமா ஆமா என்று கேட்டுக்கொண்டார்கள். போடிக்காரர்கள் எல்லோருக்கும் புகை கசியாத பைப்பு என்றால் அது நல்ல வேலை என்று மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது ஞாயிறு மதியம் விருந்து என்பதால் சனிக்கிழமை சாயங்காலமே விரல் விரலாக அரிந்த கறியில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி எட்டுத் தட்டிலும் பரப்பிக் கதவைச் சாத்தினார். சூடு பார்க்கும் மீட்டர் ஒன்றை ரேணுகா எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தாள். முள் ஐம்பது டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றது. எவ்வளவு கட்டை போட்டாலும் அதற்கு மேல் நகரவில்லை.

"கம்மியா இருக்கேங்க," என்றாள் ரேணுகா.

"மெதுவா வேகணும். அதுதான் ரகசியம்னு வீடியோவுல சொல்றான்."

"அப்ப சரி," என்று போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சகலை குடும்பம் வந்து இறங்கியது. பிரபாகரன் வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போய் டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மயிலைத் தடவிப் பார்த்தார். "அண்ணே, சத்தியமாச் சொல்றேன், எங்கிட்ட இருக்குறது இதுக்குப் பக்கத்துல நிக்காது," என்றார். லிங்கேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே மூன்று வாரம் பாடுபட்டார். எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, கொண்டியைத் தள்ளி, கதவைத் திறந்தார்.

உள்ளிருந்து புகை வரவில்லை. வாசமும் வரவில்லை. எட்டுத் தட்டிலும் கறி இருந்தது, ஆனால் போட்டதில் கால்வாசியாகச் சுருங்கி இருந்தது. லிங்கேஸ்வரன் ஒரு துண்டை எடுத்தார். அது மடங்கவில்லை. கடித்துப் பார்த்தார். பல்தான் வலித்தது. தட்டில் போட்டார். டொக்கென்று சத்தம் கேட்டது.

பிரபாகரன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அண்ணே, இது வேகல. காஞ்சிருக்கு."

"உப்புக்கண்டம்," என்றாள் கார்த்திகா. "அக்கா, நல்லாக் காஞ்சிருக்குக்கா. ஊருக்குப் போகையில எனக்குக் கொஞ்சம் கட்டிக் குடு."

பிரபாகரன் கீழே குனிந்து அடுப்புப்பெட்டியைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், அது போகும் வழியெல்லாம் விரலை வைத்துக்கொண்டே போய்க் கூரைக்கு மேல் அண்ணாந்து பார்த்தார். "புகை பூரா வெளிய போகுதே. அப்பறம் எப்பிடிண்ணே புகையில வேகும்?"

லிங்கேஸ்வரனும் பைப்பை அண்ணாந்து பார்த்தார். கோயமுத்தூர்க்காரர் அரை நிமிடத்தில் கேட்ட கேள்வி போடியில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லையே என்று அவருக்கு அழுகை வராத குறை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப்பு வந்து நின்றது. அழகுமலை ரெண்டு சாக்கு மூடையை ஒவ்வொன்றாக இறக்கிப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். சாக்கு ஈரமாக இருந்தது. பச்சை ஏலக்காய் மணம் குப்பென்று அடித்தது.

"ஏத்தா ரேணுகா, குரங்கணியிலருந்து உன் காய் வந்துருச்சு. காலையில பறிச்சது. எங்க வைக்க?"

"டிரம்முக்குப் பக்கத்துலயே வைங்கண்ணே," என்றாள் ரேணுகா.

லிங்கேஸ்வரன் காயைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். எட்டு அடுக்குச் சின்னக் கண் தட்டைப் பார்த்தார். ஏலக்காய்க்கு அளவான ஐம்பதில் நிற்கும் முள்ளைப் பார்த்தார். தன் கையாலேயே ரெண்டு தடவை வெல்டு அடித்த பைப்பைப் பார்த்தார். போடிமெட்டு வரைக்கும் எத்தனை ஸ்டோரில் இதே பைப்பை இதே மாதிரி வைத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் கணக்கு ஓடியது.

"ரேணுகா."

"சொல்லுங்க."

"இது பூராம் நீ செஞ்ச வேலையா?"

"நானா? நான் அந்த வெல்டிங் மிசினக் கையால தொட்டது கூடக் கெடையாது. தட்டு நீங்க செஞ்சது, பைப்பு நீங்க வச்சது. கறி வேகலைன்னா டிரம்ம எடுத்துக்கன்னு சொன்னதும் நீங்கதான். வாங்க, எலயில சோறு ஆறிப்போகும்."

எதற்கும் இருக்கட்டும் என்று இந்தத் தடவை அவள் ரெண்டு கிலோ சமைத்திருந்தாள். குழம்பு, சுக்கா, எலும்பு ரசம். பிரபாகரன் வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். "இன்னொரு கரண்டி போடுங்க," என்று அவரே இலையை நீட்டினார். அதைப் பார்த்தாவது சந்தோஷப்பட்டிருக்கலாம். லிங்கேஸ்வரன் பார்வை பக்கத்து இலையில் இருந்தது. அழகுமலை எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மாமா, புகைக்கு மனு எழுதுறேன்னீங்க. இங்க வந்து உக்காந்து சாப்பிடுறீங்க?"

"புகையா? எனக்கா?" அழகுமலை கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா டீசல் புகைக்குள்ளதான் மாப்ளே பொழைக்கிறேன். இந்தப் புள்ளதான் வந்து, கொஞ்சம் சத்தம் போடுங்கண்ணேன்னுச்சு. ரெண்டு ஞாயித்துக்கெழமையும் கேரியர்ல கொழம்பும் குடுத்துவிட்டுச்சு. வாங்கித் தின்னுட்டுச் சும்மா இருக்க முடியுமா, சொல்லு?"

ரேணுகா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூட இலைக்கு வெளியே சிந்தவில்லை. சுக்கா வேண்டுமா என்றதற்கு லிங்கேஸ்வரன் இலையை முன்னால் தள்ளினார்.

விருந்தாளிகள் சாயங்கால பஸ்சுக்குக் கிளம்பியதும் டிரம்மைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, வெறும் அனல் காட்டி எடுத்து, மீனுக்கென்று செய்திருந்த புதுத் தட்டுகளை அடுக்கினார்கள். கழுவியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ரேணுகா காயைப் பரப்பினாள். லிங்கேஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோபம் கோபமாக வந்தது. ஆனால் தீ கொஞ்சம் இறங்கியதும் கை தானாக ஒரு கட்டையை எடுத்து உள்ளே தள்ளியது. தன் பைப்பு வைத்த ஸ்டோரில் காய் கெட்டுப்போனால் அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

மறுநாள் காலையில் ரேணுகா தட்டை வெளியே எடுத்து வெள்ளை வேட்டியில் கொட்டினாள். காய் ஒவ்வொன்றும் பறித்த அன்றைக்கு இருந்த பச்சை. ஒரு மஞ்சள் கிடையாது, ஒரு கறுப்பு கிடையாது. லிங்கேஸ்வரன் ஒன்றை உடைத்து மோந்து பார்த்தார். பெரிய ஸ்டோரில்கூட இப்படி ஒரு காய் எடுத்து அவர் பார்த்ததில்லை. சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முகம் கேட்கவில்லை.

"ஆறு வருசமாக் கேட்டேனே," என்றாள் ரேணுகா.

"நேராச் சொல்லியிருந்தா செஞ்சு குடுத்திருப்பேன்ல," என்றார் லிங்கேஸ்வரன், வெட்கம் இல்லாமல்.

ரேணுகா மிச்சம் இருந்த ரெண்டாவது மூடையைப் பார்த்தாள். டிரம்மில் ஒரு மூடைக்குத்தான் இடம் இருந்தது. பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி சொன்னாள்.

"ஏங்க, கார்த்திகா போன் பண்ணுனா. தம்பி அடுத்த மாசம் முழுக்கோழிய அப்படியே புகையில வேகவைக்கப் போறாராம். அதான் எண்ணெய்க்கடையில பெரிய டிரம்மா ஒன்னு சொல்லி வச்சிருக்கேன்."